வரப்போகும் விளையாட்டும் எமது வாலிபரும்

(கொள்ளுப்பிட்டியில் நடைபெற்ற எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு விளையாட்டைப் பற்றியது. விளையாட்டைப் பற்றிப் பேசவா ஒரு கூட்டம் என்று பெரியோர் சிலர் எண்ணலாம். எங்கள் விளையாட்டைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று வாலிபர் சிலர் எண்ணலாம். இவ்விரண்டு எண்ணங்களும் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருந்துகொண்டு ஒன்றன் முகத்தை ஒன்று பாராமல் வாழ்கின்றன. அதனாலேயே இந்தப் பேச்சு அவசியமாயிற்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கே கொள்ளுப்பிட்டியிலும் மாடிக் குடியிருப்புகளில் வளரும் எமது பிள்ளைகளுக்கு ஓடியாட முற்றம் இல்லை. காலி வீதியில் பந்தடிக்க முடியாது. பாடசாலை முடிந்தால் ரியூசன். ரியூசன் முடிந்தால் வீடு. அங்கே அவர்களுக்கு வாய்த்த முற்றம் கணினியும் கைத்தொலைபேசியுந்தான். ஆகவே அந்த முற்றத்தில் என்ன நடக்கிறது என்று அறிய வேண்டியது வீட்டுக்காரர் கடமையாகும்.

முதலில், இஃது எத்தகைய விளையாட்டு என்பதைப் பெரியோருக்குச் சொல்லிவைப்போம். ஆங்கிலத்தில் இதனை எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று ஆறு எழுத்துக்களாற் குறிப்பர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தின் வழியாக ஒரே உலகத்துட் புகுந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தாங்கி ஆடுவது என்பது அதன் பொருள். ஒருவர் வில்லாளியாவார், ஒருவர் காயம் ஆற்றும் வைத்தியராவார், ஒருவர் மந்திரவாதியாவார். ஐந்து பேர் கூடிக் குகைக்குட் புகுந்து அரக்கனை வெல்வர். நாற்பது பேர் கூடினாலன்றி வீழாத அரக்கரும் உண்டு. அவ்வுலகத்தில் சந்தை உண்டு, தொழில் உண்டு, நம்முடைய சங்கம் போலத் தலைவரும் அங்கத்தவரும் கொண்ட சங்கங்களும் உண்டு.

எமது மூத்தோருக்கு இஃது அவ்வளவு அந்நியமான காரியமன்று. கூத்து என்ற ஒன்று நம்மிடம் இருக்கிறது. மட்டக்களப்பிலே பகலெல்லாம் வயலில் நின்றவன், இரவானதும் உடுப்புக் கட்டி, முடி தரித்து, வட்டக்களரியில் அருச்சுனனாக வந்து நின்றான். அண்ணாவியார் மத்தளம் அடிக்க, ஊர் முழுவதும் சுற்றியிருந்து பார்க்க, விடிய விடிய ஆடினான். விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குப் போனான். இந்தக் கடைசி வாக்கியத்தை மாத்திரம் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். நாம் சொல்லவந்த கருத்து அதிலேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டின் வரலாறும் நீண்டதே. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திர விளையாட்டை வெளியிட்டனர். அதற்குத் தாளும் பென்சிலும் தாயக்கட்டையும் போதும். நண்பர்கள் மேசையைச் சுற்றி இருந்து கதை சொல்லி ஆடுவர். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ரோய் ட்ரப்ஷோ அத்தகைய உலகம் ஒன்றைக் கணினியில் அமைக்கத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தார். அதிலே படம் இல்லை, எல்லாம் எழுத்து. 1997இல் 'அல்டிமா ஒன்லைன்' வந்தது. 2004 நவெம்பரில் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' வந்தது. 2010இல் அதன் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. ஒரு தேசத்தின் சனத்தொகை அது.

இப்பொழுது எமது வாலிபர் பலர் காத்திருப்பது இன்னும் பிறவாத ஒரு விளையாட்டுக்காக. 2009இல் வெளிவந்த 'லீக் ஒஃப் லெஜென்ட்ஸ்' என்னும் விளையாட்டை ஆடாதவர் அவர்களுட் குறைவு. அதன் கதையுலகைக் கொண்டு 2021இல் 'ஆர்கேன்' என்ற சித்திரத் தொடரும் வந்து, விளையாடாதவர் மனத்தையும் கவர்ந்தது. அவ்வுலகத்திலே நடமாடத்தக்க பெரும் பாத்திர விளையாட்டு ஒன்றை ஆக்கி வருவதாக, அதன் உரிமையாளராகிய றயட் கேம்ஸ் நிறுவனத்தின் சார்பில் கிரெக் ஸ்ட்ரீட் என்பவர் 2020 டிசெம்பரில் அறிவித்தார். 2023 மார்ச்சில் அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். 2024 மார்ச்சில், நிறுவனத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவரான மார்க் மெரில், முன்னர் செய்த வேலை ஏற்கெனவே உள்ள விளையாட்டுகளினின்றும் போதிய அளவு வேறுபடவில்லை என்றும், ஆகவே திட்டத்தைப் புதிதாக மீண்டும் தொடங்கியிருப்பதாகவும், இனிப் பல ஆண்டுகள் செய்தி இல்லாமலே போகலாம் என்றும் தெரிவித்தார். வெளிவரும் திகதி எதனையும் அவர் சொல்லவில்லை.

திகதி இல்லாத ஒன்றுக்காகக் காத்திருப்பது ஏன் என்று பெரியோர் கேட்கலாம். ஒரு புது உலகத்தில் எல்லோரும் முதல் நாளில் சமமாக அடியெடுத்து வைப்பர். பழைய விளையாட்டுகளில் பத்து வருடம் முந்தியவர் மலையுச்சியில் நிற்கிறார். புதியவன் அடிவாரத்தில் நிற்கிறான். புது உலகத்தில் கொழும்புப் பிள்ளையும் சியோல் நகரப் பிள்ளையும் ஒரே கோட்டில் நின்று புறப்படலாம். அந்த ஆசை நியாயமானது. அதனை நாம் பரிகசிக்கக் கூடாது.

ஆயினும் காத்திருத்தலிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'ஸ்டார் சிற்றிசன்' என்ற விண்வெளி விளையாட்டுக்காக 2012இல் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார்கள். 2014இல் வரும் என்றார்கள். முழு வடிவம் வெளிவராமலே, அதற்குச் சேர்ந்த தொகை 2025இல் 80 கோடி டொலரைத் தாண்டியது. அதிலே பறக்கும் கப்பல்கள் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கப்பட்டன. கட்டி முடியாத வீட்டுக்குத் தளபாடம் வாங்குவது போன்றது இது. ஆசைக்குக் காசு கட்டலாகாது. பொருளைக் கண்டு கட்டலாம்.

இனி, இவ்விளையாட்டினால் வரும் நன்மையைச் சொல்வோம். நன்மையைச் சொல்லாமல் தீமையை மட்டும் சொல்லுபவர் பேச்சை வாலிபர் கேளார்.

நோர்வே நாட்டில் மற்ஸ் ஸ்டீன் என்ற வாலிபர் இருந்தார். தசைகள் படிப்படியாகத் தளர்ந்துபோகும் நோயுடன் பிறந்தவர். வளர வளர நடக்கும் வலு போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடி கணினியின் முன்னால் நாட்களைக் கழித்தார். பெற்றோர் அன்புள்ளவர்கள், எனினும், நட்பும் காதலும் இல்லாத வாழ்வாக மகனின் வாழ்வு போய்விட்டதே என்று துயருற்றனர். 2014 நவெம்பரில், 25ஆவது வயதில் அவர் காலமானார். மகன் எழுதிவந்த இணையப் பக்கத்தில் தகப்பனார் மரண அறிவித்தலைப் போட்டார். அதற்குப் பின்னர்தான், முன்பின் அறியாதவரிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' உலகத்தில் இபெலின் என்ற பெயரில் அவர் எத்தனையோ பேருக்குத் துணையாயிருந்தார் என்பதும், துன்பத்திலே ஆறுதல் கூறினார் என்பதும் அக்கடிதங்களால் தெரியவந்தன. மரணச் சடங்கிற்கு அந்நண்பர்கள் பிற நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தனர். இவ்வரலாறு 2024இல் ஆவணத் திரைப்படமாகவும் வந்தது.

பெரியோர்களே, இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பெற்றோர் மகனை நேசித்தனர். உணவும் மருந்தும் குறைவறக் கொடுத்தனர். ஆயினும் அவனுடைய நண்பர் யார் என்பதை அவன் இறந்த பிறகே அறிந்தனர். எமது வீடுகளில் அந்தக் கேள்வியைப் பிள்ளை உயிரோடு எதிரில் இருக்கும்போதே கேட்கலாம் அல்லவா?

எமக்கென்று விசேடமான ஒரு நன்மையும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் எமது குடும்பங்கள் சிதறின. அண்ணன் பிள்ளைகள் இலண்டனில், அக்கா பிள்ளைகள் ரொறன்ரோவில், சித்தப்பா பிள்ளைகள் பாரிஸ் நகரில். ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் தொலைபேசிக் கடை வாசலில் வரிசையாக நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அழைப்பு முடியுமுன் எல்லோர் சுகத்தையும் அவசரமாக விசாரித்தோம். மச்சான் மச்சாள் என்ற முறை தெரியும், முகம் தெரியாது. அந்தப் பிள்ளைகள் இன்று ஒரு விளையாட்டுக்குள்ளே ஒரே குழுவாக நின்று ஒரே அரக்கனோடு போராடுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசிச் சிரிக்கிறார்கள். ஒரே முற்றத்தில் விளையாடும் பாக்கியம் இழந்த உறவினருக்கு இஃது ஒரு முற்றம். இதனை ஒரே வீச்சில் வெட்டியெறிந்தால் எதனை வெட்டுகிறோம் என்று அறியாமலே வெட்டியவர்களாவோம்.

ஆனால், இதே இடத்திலேதான் முதலாவது கவலையும் முளைக்கிறது. இலண்டனில் இரவு 8 மணியென்றால் கொழும்பில் நள்ளிரவு கடந்துவிடும். ரொறன்ரோவில் இரவு 8 மணியென்றால் இங்கே விடிந்து, பாடசாலைக்குப் புறப்படும் வேளை. அங்குள்ளவருக்கு ஓய்வு நேரமாயிருப்பது இங்குள்ளவருக்குத் தூங்கும் நேரம். குழுவாக ஆடும் ஆட்டத்தில் ஒருவன் இடையில் எழுந்து போனால் மற்றவர் தோற்பர். ஆகவே நல்ல பிள்ளை, பொறுப்புள்ள பிள்ளை, எழுந்து போகமாட்டான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் காலையில் வகுப்பில் கண் சொருக இருப்பதற்குக் காரணம், பல சமயம், சோம்பல் அன்று. நண்பரைக் கைவிடக் கூடாது என்ற நற்குணமே தவறான நேரத்தில் வேலை செய்கிறது.

அதற்கு மேல், அந்த உலகம் உறங்குவதில்லை. அது எமது வீட்டுக் கணினியில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் இரவு பகலாக ஓடும் பெருங்கணினிகளில் இருக்கிறது. நாம் இல்லாதபோதும் அங்கே காரியங்கள் நடந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு நாளும் வந்து முகம் காட்டினால் ஒரு பரிசு. ஒரு நாள் தவறினால் அது போய்விடும். இந்த மாதத்திற்குள் முடித்தால் ஓர் அணி. மாதம் கழிந்தால் அது கிடையாது. இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. ஆடுவோர் தினமும் திரும்பி வரவேண்டும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. கூத்துக்கு விடியல் உண்டு. கதை முடியும், மத்தளம் ஓயும், சனம் கலையும். இந்த ஆட்டத்துக்கு விடியல் இல்லை. இதுவே நாம் இன்று சொல்லவந்த கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டு மீதான கட்டுப்பாட்டை இழத்தல் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் பெற்றோர் உடனே கலங்க வேண்டியதில்லை. நிறைய நேரம் ஆடுவது மட்டுமே அந்நோய் ஆகாது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்றெல்லாவற்றிலும் விளையாட்டே முதன்மையாதல், தீங்கு கண்கூடாகத் தெரிந்த பின்பும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, வழக்கமாக ஓராண்டளவு நீடித்து, படிப்பையும் உறவையும் கெடுத்தாலே அப்பெயர் பொருந்தும். அந்நிலை தோன்றினால் ஏசுவதனாற் பயனில்லை. வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சட்டத்தினால் விடியலை உண்டாக்கலாமா என்று சில நாடுகள் முயன்று பார்த்தன. தென் கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கணினியில் இணைய விளையாட்டு ஆடலாகாது என்று விதித்தது. பிள்ளைகள் கைத்தொலைபேசி விளையாட்டுக்கு மாறினர். அதற்குச் சட்டம் பொருந்தவில்லை. பிள்ளையின் நேரத்தைக் குடும்பமே தீர்மானிக்கட்டும் என்று 2022 ஜனவரியில் அச்சட்டத்தை நீக்கினர். சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டும் என்று வரையறுத்தது. அங்கேயும் பெரியவர் பெயரில் புகுந்து ஆடும் பிள்ளைகள் உண்டு. சட்டம் வாசலைக் காக்கும். வீட்டுக்குள்ளே விளக்கணைப்பது வீட்டவர் கை.

இரண்டாவது கவலை காசு. பல விளையாட்டுகள் இலவசமாகவே வாசலைத் திறக்கின்றன. உள்ளே போனபின் ஒரு பெட்டியைக் காட்டுகின்றன. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. காசு கொடுத்துத் திறக்க வேண்டும். சிறந்த வாளும் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத துணியும் இருக்கலாம். இது லொத்தர் சீட்டே. வேறு சட்டை அணிந்து வந்திருக்கிறது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். பாரதக் கதையில் நாடிழந்த தருமன் அறியாதவன் அல்லன். அடுத்த ஆட்டத்தில் எல்லாம் திரும்பும் என்று நம்பியவன்.

பெல்ஜியம் நாடு 2018இல் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குட்பட்டவை என்று தீர்மானித்தது. 2020இல் வெளியான 'ஜென்ஷின் இம்பக்ட்' என்னும் பாத்திர விளையாட்டை அமெரிக்காவில் நடத்தும் நிறுவனம், இத்தகைய விற்பனை பற்றியும் சிறுவர் விபரங்களைச் சேகரித்தது பற்றியும் எழுந்த வழக்கில், 2025 ஜனவரியில் 2 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி அப்பெட்டிகளை விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டிலே காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை 2025 பெப்ரவரியில் தடுத்தார்கள்; அவ்வாண்டு ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் அத்தகைய ஆட்டங்களை முற்றாகத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பாத்திர விளையாட்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆனாற் பெட்டி ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி மெலிந்துபோகிறது. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பும் காசு வேர்வை சிந்திய காசு என்பதைப் பிள்ளை அறிய வேண்டும்.

மூன்றாவது கவலை, அந்த உலகம் எமக்குச் சொந்தமன்று என்பது. 2004இல் தொடங்கிய 'சிற்றி ஒஃப் ஹீரோஸ்' என்ற விளையாட்டை அதன் உரிமையாளர் 2012 நவெம்பர் 30ஆம் திகதி மூடிவிட்டனர். எட்டு வருடமாக வளர்த்த பாத்திரங்களும், கூடிய இடங்களும் ஒரே இரவில் இல்லாமற் போயின. ஆடியவர்கள் வேண்டினார்கள், பயனில்லை. எனினும் அவர்களுடைய தோழமை அழியவில்லை. பின்னாளில் அன்பர் குழுவொன்று அதனை மீண்டும் இயக்கி, 2024 ஜனவரியில் உரிமையாளரிடம் முறையான அனுமதியும் பெற்றது. வாளும் கவசமும் நிறுவனத்துக்குச் சொந்தம். நட்பு மட்டுமே எமக்குச் சொந்தம். ஆகவே எதற்கு நேரம் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், செய்ய வேண்டியது என்ன? வாலிபருக்கு நான்கு சொல்வோம்.

ஒன்று: ஆட்டத்தைத் தொடங்குமுன் முடிக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள், குழுவினருக்கும் அதனை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு எழுபவன் துரோகியாகான்.

இரண்டு: வெளிவராத விளையாட்டுக்கும், உள்ளே இருப்பது தெரியாத பெட்டிக்கும் காசு கொடாதீர்கள்.

மூன்று: அறியாதவரிடம் வீட்டு விலாசம், பாடசாலை, நிழற்படம் ஆகியவற்றைக் கொடாதீர்கள். மிரட்டுவோர், கூசத்தக்கதைக் கேட்போர் எதிர்ப்பட்டால் மறைக்காதீர்கள், வீட்டிலே சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கிறது.

நான்கு: உறவினரோடு ஆடுவதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். சனிக்கிழமை இரவு 7.30 மணி கொழும்பில் என்றால், இலண்டனில் அது பிற்பகல், ரொறன்ரோவில் காலை. மூன்று நாட்டுப் பிள்ளைகளும் தூக்கம் கெடாமல் கூடக்கூடிய வேளை அது.

பெரியோருக்கு இரண்டு சொல்வோம். பிள்ளை ஆடும் விளையாட்டின் பெயரையும், அவனுடைய குழுவில் யார் யார் என்பதையும் கேளுங்கள். அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். அடுத்தது, ஆட்டத்தின் நடுவில் வயரைப் பிடுங்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு பெட்டி. அவனுக்கு அங்கே நாலு பேர் காத்து நிற்கிறார்கள். பத்து நிமிடம் முன்னதாகச் சொன்னால் அவன் எழும்புவான். ஒருமுறை பிடுங்கினால் அடுத்தமுறை கதவைப் பூட்டிக்கொண்டு ஆடுவான்.

எமது சங்கமும் ஒன்று செய்யலாம். வருடத்தில் ஒரு மாலையில் வாலிபர் தம் விளையாட்டைப் பெரியோருக்கு ஆடிக் காட்டட்டும். பெரியோர் கூத்தைப் பற்றித் தாம் அறிந்ததை வாலிபருக்குச் சொல்லட்டும். இரண்டு சாராருக்கும் வியப்பு உண்டாகும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடியதை ஓரிரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார். ஆட்டத்தின் அழகு குன்றவில்லை; மறுநாள் வேலைக்குச் செல்பவரும் பார்த்து மகிழ முடிந்தது. கூத்தை ஒழித்துவிடுவோம் என்று அவர் சொல்லவில்லை. காலத்துக்கேற்ற எல்லையை வகுத்தார். வரப்போகும் விளையாட்டுக்கும் எமக்கு வேண்டியது அத்தகைய எல்லையே.

வாலிப அன்பர்களே, அந்தப் புது உலகம் என்று வருமோ அறியோம். வரும் நாளில் மகிழ்வோடு உள்ளே செல்லுங்கள். வில்லாளியாகுங்கள், வைத்தியராகுங்கள், தூரத்து உறவினரைத் தோழராக்குங்கள். ஆனால் அங்கே சூரியன் தானாக உதிக்காது. முடியைக் கழற்றி வைக்கும் விடியலை நீங்களே கொண்டுவர வேண்டும். அதற்குத் துணையாக வெளியே நாம் விழித்திருப்போம்.